கடைசி ஷாட்டில் கார் ஓட்டியவர்

ஆளே இல்லாத சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. அப்போதும் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார் என்றால் அவரை என்னவென்று சொல்வது? விதிக்குப் பயந்தவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர்கள் ஆளில்லாத இடத்தில் கையை உள்ளே வைத்துக்கொள்வார்கள். பழக்கம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க விருப்பமில்லாதபோது நாம் சொல்கிற பதில் அது. அப்படியானால் அவர் விதியை விரும்பினாரா? விரும்பிய ஒன்றை ஒருவர் ஒரே ஒரு முறை மீறினால், அந்த ஒரு முறையை எந்தக் கணக்கில் வைப்பது?

டிரைவிங் ஸ்கூல் டீச்சரைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியின் முதல் பாதியைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இரண்டாம் பாதி சிலருக்குத்தான் தெரியும்.

டயர் கடைக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. அதுதான் ஸ்கூல். உள்ளே ஒரு மேசை. மேசையின் விளிம்பில் மரத்தால் செய்த ஸ்டீயரிங் ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் மூன்று நாள் அதைத்தான் பிடித்துத் திருப்ப வேண்டும். கடைத்தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அண்ணே, மேசை எந்த ஊர் வரைக்கும் போகுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். டீச்சர் அசைய மாட்டார். "சாலையில கேலி இதைவிட அதிகமா இருக்கும். இப்பவே பழகிக்கங்க" என்பார்.

நான்காம் நாள்தான் கார். சாம்பல் நிறப் பழைய கார். டீச்சர் உட்காரும் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பழகுகிறவர் தப்பு செய்தால் டீச்சரின் கால் அதைத் திருத்தும். பக்கத்தில் அந்தக் கால் இல்லாமல், லைசென்ஸ் இல்லாத யாரும் அந்தக் காரைப் பத்தடி கூட நகர்த்தியதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், டயர் கடைக்காரர் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

டீச்சருடைய வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர், சைக்கிளில் போகிறவர். அவரும் ஒரு காலத்தில் இதே மேசையில் உட்கார்ந்து மரத்தைத் திருப்பியவர்தான். லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றார். மூன்றாவது முறை தோற்ற அன்றைக்குக் கல்யாணப் பேச்சை எடுத்தார்.

"வேணும்னேதான் ஃபெயில் ஆனேன். பாஸ் ஆகியிருந்தா அன்னிக்கோட சகவாசம் முடிஞ்சிருக்குமே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"அதெல்லாம் இல்ல. நெஜமாவே அவருக்கு ஓட்டத் தெரியல" என்பார் டீச்சர். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், ஊருக்கு வெளியே இருந்த கல் குவாரியில் ஒரு படப்பிடிப்புக் குழு வந்து இறங்கியது. டைரக்டருக்கு அது முதல் படம். கதை இதுதான்: ஒரு லாரி ஓட்டுநரும் ஒரு டைப்பிஸ்ட்டும் காதலிக்கிறார்கள். அடகுக்கடை ஒன்றில் திருடப் போய், நினைக்காமல் ஒரு காவலாளியைக் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு படம் முழுக்க ஓட்டம்தான். கடைசியில் அவன் காயத்தோடு காரிலேயே செத்துப்போக, அவள் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போலீஸ் நிற்கிற திசைக்கே ஓட்டிப்போகிறாள்.

படம் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல படம் என்றும் சொல்வதற்கில்லை. பாதி வசனம் தேவையில்லாதது. சாகப்போகிறவர்கள் இவ்வளவு அழகாகப் பேச மாட்டார்கள். ஆனால் அதன் கடைசி ஷாட் வேறு சங்கதி. அதற்கு வருகிறேன்.

கதாநாயகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆண்களுக்கு விக் வைத்து ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் தோள் காட்டிக்கொடுத்தது. ஊரில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே பெண் என்று விசாரித்து டைரக்டர் டயர் கடைப் பக்கம் வந்து சேர்ந்தார்.

"முகம் தெரியாது டீச்சர். விக், மஞ்சள் மழைக்கோட்டு, அவ்வளவுதான்."

"கார் என்னுதா இருக்கணும். வேற யாரும் தொடக்கூடாது."

"சரி."

"எண்பதுக்கு மேல போகமாட்டேன்."

"போலீஸ் துரத்தும் டீச்சர்!"

"அவங்களையும் எண்பதுக்குள்ள வரச் சொல்லுங்க."

முதல் நாள் துரத்தல் காட்சி. பின்னால் இரண்டு போலீஸ் ஜீப். முன்னால் மஞ்சள் மழைக்கோட்டில் டீச்சர், பக்கத்தில் துப்பாக்கியோடு கதாநாயகனுக்குப் பதிலாக ஒரு சண்டைக்காரர். குவாரிச் சாலை வலப்பக்கம் திரும்பும் இடம் வந்தது. காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை நிதானமாக வெளியே வந்தது. உள்ளங்கை முன்னால் பார்க்க, விரல்கள் சேர்ந்திருக்க, ஸ்கூல் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் உள்ளது போலவே நின்றது. பிறகு கார் திரும்பியது.

"கட்! கட்! என்ன டீச்சர் இது? நீங்க கொலைகாரி. எந்தப் பக்கம் திரும்பறோம்னு போலீஸுக்கு நீங்களே சொல்றீங்க!"

"பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரிய வேணாமா சார்?"

"தெரியக் கூடாது! அதான் கதையே!"

"புரியுது சார். இந்தத் தடவை காட்டமாட்டேன்."

இரண்டாவது முறையும் கை வந்தது. பாதி வழியில் நினைவு வந்து உள்ளே இழுத்துக்கொண்டார். அது வெளியே எச்சில் துப்பப் போய் மனம் மாறியதுபோல இருந்தது. மூன்றாவது முறை சண்டைக்காரர் தன் கைக்குட்டையால் டீச்சரின் வலக்கையை ஸ்டீயரிங்கோடு கட்டிவிட்டார். கை வரவில்லை. ஆனால் ஜீப்காரர்கள் அந்தக் கையை எதிர்பார்த்தே பழகியிருந்ததால் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே மண்மேட்டில் ஏறிவிட்டார்கள். கடைசியில் முதலில் எடுத்ததையே படத்தில் வைத்தார்கள். அன்றிலிருந்து குழுவில் அவருக்குப் பெயர் 'இண்டிகேட்டர்'.

டைரக்டருக்கு இன்னொரு குறை. "நீங்க ரொம்ப நல்லா ஓட்டறீங்க டீச்சர். உயிருக்குப் பயந்து ஓடறவ இப்படி வழவழன்னு கியர் மாத்தமாட்டா. ஒரு தடுமாற்றம் வேணும்."

"தடுமாற எனக்கு வராது சார்" என்றார் டீச்சர் வருத்தத்தோடு. உண்மையிலேயே முயன்று பார்த்தார். முடியவில்லை.

நெருக்கத்தில் எடுக்கும் காட்சிகளில் கதாநாயகிதான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். அவர் அதை மாவு பிசைவதுபோலப் பிடித்தார். எனவே தினமும் காலையில் ஒரு மணி நேரம் டீச்சர் அவருக்குக் கற்றுத்தர ஏற்பாடானது. அதற்காகப் பழகுநர் லைசென்ஸும் எடுத்தார்கள். டீச்சர் அது இல்லாமல் சாவியைத் தரவில்லை.

நடிகைக்கு அப்போது முப்பத்தாறு வயது. படத்தில் இருபத்திரண்டு. டீச்சரைவிட ஆறு வயது மூத்தவர். அவரோடு எப்போதும் அவருடைய சித்தப்பா இருப்பார். குழு முழுக்க அவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டது. பெற்றோர் போன பிறகு வளர்த்தவர், பதினான்கு வயதில் அவரை நடிக்க அழைத்து வந்தவர். மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்திருப்பார். நடிகைக்கு வருகிற கடிதங்களை அவர்தான் பிரிப்பார். தொலைபேசியை அவர்தான் எடுப்பார். எந்த டிரைவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடிகையை ஏற்றிக்கொண்டு கியர் போட மாட்டார். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பூட்டு சத்தம் போடுவதில்லை என்பது ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் நாள் வகுப்புக்குச் சித்தப்பா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நடிகை கிளட்சை விட்ட வேகத்தில் கார் தவளைபோல மூன்று முறை தாவியது. இரண்டாம் நாள் ஓர் எருமை குறுக்கே வர, நடிகை பிரேக்கை அழுத்திய அழுத்தில் சித்தப்பாவின் மூக்கு முன் இருக்கையில் இடித்தது.

"ஏம்மா டீச்சர், உன் கிட்டயும் ஒரு பிரேக் இருக்கே! அதை மெதுவா போட்டிருக்கலாமே?"

"அவங்களே போட்டுட்டாங்களே சார்" என்றார் டீச்சர்.

மூன்றாம் நாள் சித்தப்பா, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. இந்த மைதானத்தைத் தாண்டக்கூடாது" என்று நாற்காலியை விரித்துக்கொண்டார்.

அன்றுதான் நடிகை முதல் முறையாகப் பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், இங்கிருந்து எங்க அக்கா ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "இருநூறு கிலோமீட்டர். நான் ஓட்டினா நாலரை மணி நேரம்."

"நான் ஓட்டினா?"

"பொங்கிட்டு இருக்கிற சோறு ஆறிப் போகும். ரெண்டாவது கியர் போடுங்க."

நடிகை சிரித்தார். பிறகு சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. கார் நின்றுபோனது. டீச்சர் ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அக்கா குடும்பத்துக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போனவர். ஒன்பது வருடமாக ஒரு கடிதமும் கைக்கு வரவில்லை. ஒப்பனைக்கார அம்மா ஒளித்துக் கொண்டுவந்த ஒரே கடிதத்தில், 'எப்போது வேண்டுமானாலும் வா, ஓர் அறை இருக்கிறது' என்று எழுதியிருந்தது. சித்தப்பா இன்னும் ஏழு படங்களுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இந்தக் குவாரி வேலை முடிந்ததும் வெளிநாடு. "எனக்கு நடிக்கப் பிடிக்கலன்னு சொன்னா, உனக்குக் காய்ச்சல்னு சொல்லி டாக்டரக் கூட்டிட்டு வர்றார் டீச்சர். இருபத்திரண்டு வருஷமா எனக்குக் காய்ச்சல்தான்."

"மேடம், நீங்க மேஜர். யாரும் உங்களப் பிடிச்சு வெக்க சட்டத்துல இடம் இல்ல."

"சட்டம் இருக்கு. வண்டி இல்லையே."

அன்று மாலை டீச்சர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னார்: "அந்தப் பொம்மைய எடுத்துட்டு அவங்கள வெச்சா, முப்பது கிலோ கூடும். பின் டயர்ல காத்து கொஞ்சம் ஏத்தணும்."

வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தப் பொம்மை? யாரை?"

திட்டம் சுலபமானது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் பிணம். அந்த நடிகரின் வேலை முடிந்து அவர் ஊருக்குப் போயாகிவிட்டது. தூரத்திலிருந்து எடுப்பதால் அவருடைய கோட்டையும் தொப்பியையும் மாட்டி, பழந்துணி அடைத்த பொம்மையைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைப்பதாக இருந்தது. மஞ்சள் மழைக்கோட்டில் டீச்சர் ஓட்டுவார். கார் குவாரிப் பாறைக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, கேமராவைக் கடந்து, மலையடி வளைவில் திரும்பி மறையும். அதற்கப்புறம் ஆள் யாரும் இல்லை, சாலை நேரே போகும். பொம்மைக்குப் பதில் கோட்டும் தொப்பியுமாக நடிகை சாய்ந்துகொண்டால் போதும். அந்த மத்தியானம் அவருக்குக் காட்சி இல்லை. வேனில் தூங்குவதாகச் சித்தப்பா நினைத்துக்கொள்வார்.

"இதுல எந்த விதியும் மீறல" என்றார் டீச்சர். "என் கார். என் கிட்ட லைசென்ஸ் இருக்கு. அவங்க பயணி."

"பயணியா? ஒரு பொம்பளையப் பொணம் மாதிரி படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போக எந்த ரூல்ல இடம் இருக்கு?"

"சீட் இருக்கு. ஒரு சீட்டுக்கு ஒருத்தர். எப்படி உக்காரணும்னு ரூல் இல்ல."

வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். "திரும்பி வருவல்ல?"

"காலைச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

"சரி. காத்து நானே ஏத்தித் தர்றேன். சைக்கிள் பம்ப் ஏறுமா?"

அந்த நாள் வந்தது. நாலு மணி வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கேமரா மேட்டில் இருந்தது. அங்கிருந்து பாறை நானூறு மீட்டர், அதன் பின்னால் நிற்கும் கார் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்றார். கொடி இறங்கினால் கார் கிளம்ப வேண்டும். ஃபிலிம் தீர்ந்துகொண்டிருந்ததால் ஒரே முறைதான் எடுக்க முடியும் என்று டைரக்டர் எல்லோரிடமும் நாலு முறை சொல்லியிருந்தார். சித்தப்பா மேட்டின் கீழே நாற்காலியில் இருந்தார்.

கொடி இறங்கியது. கார் வரவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்தார். மறுபடியும் கொடியைத் தூக்கி இறக்கச் சொன்னார். அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து கார் ஒரு குலுக்கலோடு வெளியே வந்தது.

வந்த விதம் யாரும் அதுவரை பார்க்காதது. கியர் நறநறவென்றது. சாலையின் நடுவுக்கு வந்து, இடப்பக்கம் போய், ஒரு கல்லில் உரசி, மறுபடி நடுவுக்கு வந்தது. ஓரிடத்தில் நின்றே போய்விடும் போலிருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்ததுபோல வேகம் எடுத்தது. பக்கத்து இருக்கையில் தொப்பி ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலையாட்டியது. மஞ்சள் மழைக்கோட்டு ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்து, சாலையை விழுங்கிவிடுவதுபோல முன்னால் குனிந்திருந்தது. கார் கேமராவைக் கடந்தது. வளைவில் அகலமாகத் திரும்பி, புழுதியை மட்டும் விட்டுவிட்டு மறைந்தது.

"கட்!" டைரக்டர் குதித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! பதினோரு நாளா கத்தினேன், இன்னிக்குத்தான் டீச்சர் நடிச்சிருக்காங்க! உயிர் போற பயம்னா இதுதான்யா!"

எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பாவும் இரண்டு தட்டு தட்டினார். கைதட்டல் ஓய்ந்தபோது பாறைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. நீலச் சட்டை, கையில் ஒரு விக். சாலையின் ஓரத்தோடு ஒழுங்காக நடந்து வந்தார்.

டைரக்டர் டீச்சரைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். மறுபடி டீச்சரைப் பார்த்தார்.

"அப்ப கார்ல யாரு?"

டீச்சர் விக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார், கொடிக்குக் கொஞ்சம் லேட் ஆயிடுச்சு" என்றார்.

சித்தப்பா வேனைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடமானது. அதற்குப் பிறகு நேரே காவல் நிலையத்துக்குப் போனார். முப்பத்தாறு வயதுப் பெண் வீட்டைவிட்டுப் போனதற்கு யாரும் தேட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே கார் திருட்டு என்று எழுதிக் கொடுத்தார். திருட்டு என்றால் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள், கூட்டி வருவார்கள்.

காருக்குச் சொந்தக்காரர் என்பதால் இன்ஸ்பெக்டர் டீச்சரை அழைத்தார். இன்ஸ்பெக்டரின் மனைவி அந்த மர ஸ்டீயரிங் வரைக்கும் பழகி நிறுத்திக்கொண்டவர்தான். சித்தப்பா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், வண்டி திருட்டுப் போச்சா?"

"இல்ல சார். நான்தான் குடுத்தேன்."

"அந்தம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"பழகுநர் லைசென்ஸ் இருக்கு. பக்கத்துல லைசென்ஸ் வெச்சிருக்கவங்க உக்காந்திருந்தாத்தான் அது செல்லும்."

"பக்கத்துல யார் உக்காந்திருக்காங்க?"

"பொம்மை சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தோள் கொஞ்சம் குலுங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சர், நல்லா யோசிங்க. டயர் பாக்க கீழ எறங்கினீங்க, அதுக்குள்ள அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு எழுதினா உங்க மேல ஒண்ணும் இல்ல. நீங்களே குடுத்தீங்கன்னா உங்க பயிற்சி லைசென்ஸ நிறுத்தி வெச்சிடுவாங்க. ஒரு வருஷம் ஆகும்."

"அப்படி எழுதினா அவங்க திருடி ஆயிடுவாங்களே சார்."

"ஆமா."

"பேனா குடுங்க."

தானே எழுதினார். கார் என்னுடையது, சாவியை நானே கொடுத்தேன், அவர் எப்போது திருப்பிக் கொடுத்தாலும் சம்மதம். சித்தப்பா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "ஒரு பிள்ளைய வளர்த்துப் பாரும்மா, அப்பத் தெரியும்" என்றார். டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை.

கையெழுத்தான பிறகு இன்ஸ்பெக்டர், அதிகாரியாக இல்லாமல், வெறுமனே ஆவலில் கேட்டார்: "நீங்களே ஓட்டிட்டுப் போயிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. எல்லாம் சட்டப்படி. அவங்க முட்டி மோதிச் செத்துப் போயிருந்தா? நீங்க போய் எதுக்கு எறங்கினீங்க?"

டீச்சர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "இன்னும் ஏதாவது கையெழுத்து இருக்கா சார்?" என்று கேட்டார்.

நடிகை இருநூறு கிலோமீட்டரை ஒன்பது மணி நேரத்தில் கடந்தார். பதினான்கு முறை கார் நின்றது. ஒரு பால்காரரிடம் வழி கேட்டபோது அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்து, "ஐயா நல்லா தூங்கறாரு" என்றாராம். அக்கா கதவைத் திறந்ததும் ஒன்பது வருடப் பிரிவுக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி: "யாருடி அந்த ஆள்?"

நடிகை பிறகு நடிக்கவில்லை. அந்த ஊரில் மருந்துக்கடை வைத்தார். படத்துக்கு வேறு ஒருவர் குரல் கொடுத்தார். வளைவுக்குப் பிறகு எடுக்க நினைத்த எதையும் எடுக்க முடியாததால் படம் அந்தப் புழுதியோடு முடிந்தது. ஆறு நாள் ஓடியது. இப்போது எங்காவது பழைய பிரதி கிடைத்துப் பார்க்கிற சிலர், கடைசி ஷாட்டில் கார் ஓட்டிய பெண்ணைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தப் பாராட்டுகள் டீச்சருக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதில் டீச்சரே குறியாக இருந்தார். 'கார் ஓட்டியவர்' என்று டைட்டிலில் தன்னைப் போட வேண்டாம், கடைசியில் ஓட்டியது நான் இல்லை, அரைகுறையாகப் போடுவது தப்பு என்று டைரக்டருக்குக் கடிதம் எழுதினார்.

காரை அக்காவின் கணவர் கொண்டுவந்து விட்டார். இடப்பக்கம் நீளமாக ஒரு கீறல். லைசென்ஸ் நிறுத்தப்பட்ட அந்த ஒரு வருடமும் டீச்சர் தினமும் ஸ்கூலைத் திறந்தார். மர ஸ்டீயரிங்கை மட்டும் சொல்லிக்கொடுத்தார். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அந்த வருடத்தில்தான் வீட்டுக்காரர் வேறொரு ஸ்கூலில் சேர்ந்து தேர்வில் தேறினார். "நீ பக்கத்துல இல்லல்ல, அதான் கவனம் ரோட்டுல இருந்துச்சு" என்றார். அவரும் ஒரு முறை கேட்டிருக்கிறார், ஏன் இறங்கினாய் என்று. "உங்களுக்குச் சாப்பாடு போடணும்னுதான்" என்று பதில் வந்ததாம். அதை அவரே நம்பவில்லை.

நான் சில பதில்களை யோசித்து வைத்திருந்தேன். ஒருவர் தன் விடுதலையைத் தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது ஒன்று. கூடப் போனால் திரும்பி வர மனம் வராதோ என்று பயந்திருக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் டீச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். பரீட்சைத் தாளில் தப்பு விடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சரியான விடையைச் சொல்லவும் இல்லை.

பாறைக்குப் பின்னால் நடந்தது இவ்வளவுதான். நடிகை சொன்னது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோட்டும் தொப்பியுமாகப் பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்தார். பொம்மை பாறை நிழலில் கிடந்தது. டீச்சர் விக்கைச் சரிசெய்துகொண்டார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். மேட்டில் கொடி உயர்வது தெரிந்தது. டீச்சர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா" என்றார். அதுவரை அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "கோட்டைக் கழட்டுங்க."

"ஏன்? யாராவது பாத்துட்டாங்களா?"

"இல்ல. கழட்டுங்க, நேரமில்ல."

எல்லாம் போய்விட்டது என்று நினைத்து நடிகை அழுதுகொண்டே கோட்டைக் கழற்றினார். டீச்சர் இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். விக்கை எடுத்தார், மழைக்கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டார்.

"அந்தப் பக்கம் நகருங்க."

"டீச்சர், எனக்கு ரிவர்ஸே வராது!"

"ரிவர்ஸ் தேவைப்படாது."

கொடி இறங்கியது. டீச்சர் பொம்மையைத் தூக்கி வந்து இருக்கையில் வைத்தார். கோட்டை மாட்டினார், பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார், தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்தார்.

"நீங்க வரலையா?"

கொடி மறுபடியும் மேலே போனது.

"பயமா இருக்கு டீச்சர்."

"தெரியும். வளைவுல ரெண்டாவது கியருக்கு வாங்க."

கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.